ச்சா பம் குன்: பெனால்டி இல்லாத 98 கோல்கள்

வணக்கம் நண்பர்களே. இன்று ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகக் கேளுங்கள். ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்த ஆள் இவர்.

2019 நவம்பர் 6. பெல்கிரேடு நகரம். ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக்கில் உள்ளூர் அணியான ரெட் ஸ்டாருக்கு எதிராக இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் ஆடுகிறது. டாட்டன்ஹாமின் கொரிய ஆட்டக்காரர் சன் ஹியுங் மின் கோல் போடுகிறார். ஆனால் கொண்டாடவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்துக் கைகளைச் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறார். மூன்று நாள் முன்னால் எவர்டன் மைதானத்தில் அவர் பின்னாலிருந்து காலை நீட்டியதில் எவர்டனின் ஆந்த்ரே கோம்ஸ் நிலைதடுமாறிப் போய், கணுக்கால் உடைந்து விழுந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு சன் மைதானத்திலேயே அழுதார். அந்த மன்னிப்பைத்தான் கோல் போட்ட கையோடு கேட்டார்.

அந்தக் கோல் ஐரோப்பாவில் சன் போட்ட 122-வது கோல். ஒரு கொரியரின் ஐரோப்பியச் சாதனை அன்று உடைந்தது. அதுவரை இருந்த எண் 121. அந்த 121-ஐப் போட்டவர் கடைசியாக ஐரோப்பாவில் ஆடியது 1989-ல். முப்பது வருஷம் அந்த எண் நின்றிருக்கிறது.

அவர் பெயர் ச்சா பம் குன். கொரியாவில் குடும்பப் பெயர் முன்னால் வரும், அதனால் ச்சா என்பது குடும்பப் பெயர். ஜெர்மனிக்காரர்கள் 'பம்' என்பதைத் தங்கள் வாயில் 'பும்' என்று ஆக்கி, 'ச்சா பும்' என்று கூப்பிட்டார்கள். குண்டு வெடிக்கிற சத்தம் மாதிரி. அவர் பந்தை உதைக்கிற வேகத்துக்கு அந்தப் பெயர் பொருந்திவிட்டது.

சன்னின் கதையில் ஒரு ஃபவுல் வந்தது இல்லையா? ச்சாவின் கதையிலும் ஒரு ஃபவுல் வருகிறது. அதில் இவர் மறுபக்கம் இருந்தார். அடிபட்டு விழுந்தவர் இவர். அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும், ஆனால் முன்கதை தெரியாமல் சொன்னால் எடுபடாது.

ச்சா பிறந்தது 1953 மே மாதம், சியோலுக்குத் தெற்கே ஹ்வாசோங்கில். கொரியப் போர் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்த நேரம். நாடே தரைமட்டமாகக் கிடந்தது. அங்கிருந்து வந்த பையன் 18 வயதில் தேசிய அணிக்குள் வந்துவிட்டார். 1972-ல் பாங்காக்கில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆடினார். கொரியா ஃபைனல் வரை போய் ஈரானிடம் தோற்றது.

அதற்கு அப்புறம் வருகிற ஒரு ஆட்டத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1976, சியோல். அதிபர் பார்க் பெயரில் நடந்த கோப்பை. எதிரணி மலேசியா. சாதாரண அணி என்று நினைக்காதீர்கள். மொக்தார் தஹாரி, கோல் கீப்பர் ஆறுமுகம் என்று மலேசியக் கால்பந்து ஆசியாவில் தலைநிமிர்ந்து நின்ற தலைமுறை அது. ஆட்டம் முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது மலேசியா 4, கொரியா 1. சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் இப்படி. அந்த நிலையில் நாமாக இருந்தால் எழுந்து பேருந்து பிடிக்கக் கிளம்பியிருப்போம். ச்சா ஒரு கோல் போட்டார். இன்னொன்று. இன்னொன்று. ஏழே நிமிடத்துக்குள் ஹாட்ரிக். 4-4. சீக்கிரம் கிளம்பிப் போனவர்கள் வாழ்நாள் முழுக்க வருத்தப்பட்டிருப்பார்கள்.

இந்த ஆளின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. இவருக்கு எல்லாமே கடைசி நிமிடத்தில்தான் நடந்திருக்கிறது. ஆட்டத்தில் மட்டுமில்லை, வாழ்க்கையிலும்.

பாருங்கள். கொரியாவில் ராணுவச் சேவை கட்டாயம். ச்சா விமானப்படையில் சேர்ந்து அந்த அணிக்காக ஆடினார். ஒரு ஸ்ட்ரைக்கர் வேகத்தின் உச்சத்தில் இருக்கும் வயது 23, 24, 25. அந்த வருஷங்கள் அங்கே போயின. 1978 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஃபைனலில் தென் கொரியாவும் வட கொரியாவும் கோல் இல்லாமல் சமன் செய்து தங்கத்தைப் பகிர்ந்துகொண்டன. அது முடிந்த கையோடு ச்சா ஜெர்மனிக்கு விமானம் ஏறினார்.

போய்ச் சேர்ந்த இடம் டார்ம்ஸ்டாட். சின்ன கிளப். அந்த வருஷம்தான் முதல் முறையாக ஜெர்மனியின் முதல் பிரிவான பன்டஸ்லீகாவுக்கு வந்திருந்தது. அதன் ஆட்டக்காரர்களில் பலர் காலையில் வேறு வேலைக்குப் போய்விட்டு அப்புறம்தான் பயிற்சிக்கு வருவார்கள். அந்த அணிக்காக 1978 டிசம்பர் 30-ல் போக்கும் அணிக்கு எதிராக ச்சா ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். நன்றாகவே ஆடினார். கொரியாவுக்குத் திரும்பி வந்தார். வந்தவரை விமானப்படை விடவில்லை. சேவைக் காலம் முடியவில்லை, இருந்து முடி என்றார்கள். 1979 மே கடைசி வரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அதற்குள் டார்ம்ஸ்டாட் கடைசி இடத்தில் முடித்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது.

ஐரோப்பாவின் கதவு திறந்து ஒரே ஆட்டத்தில் மூடிக்கொள்கிறது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு முடிந்திருக்கும். அப்போது ஒரு ஜெர்மன் அணியில் இரண்டு வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் இடம். அந்த இரண்டில் ஒன்றைக் கொரியாவிலிருந்து வருகிறவருக்குக் கொடுக்க ஒரு கிளப் முன்வர வேண்டும். ஜப்பானின் யாசுஹிகோ ஒகுதேரா 1977-லேயே கொலோன் அணிக்கு வந்து அடுத்த வருஷமே லீக் பட்டம் பார்த்தவர், அவரை மறக்கக் கூடாது. ஆசியாவிலிருந்து முதலில் வழி போட்டவர் அவர். ஆனாலும் ஒரு அணியின் கோல்களுக்கே ஆசியாக்காரர் ஒருவரை நம்பி இருப்பது என்பது அன்றைக்குப் புதுசு.

நம்பியது ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட். 1979 கோடையில் ச்சா அங்கே சேர்ந்தபோது அவருக்கு வயது 26. இன்று 26 வயதில் ஒருவன் முதல் முறை ஐரோப்பாவுக்கு வந்தால் 'தாமதமாகிவிட்டதே' என்போம். ஹோல்சன்பைன், கிராபோவ்ஸ்கி என்று 1974-ல் உலகக் கோப்பை வென்ற ஆட்கள் இருந்த உடைமாற்றும் அறை அது. அந்த அறைக்குள் போய் முதல் பருவத்திலேயே லீக்கில் 12 கோல் போட்டார்.

அதே பருவத்தில் ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூஃபா கோப்பை. முதல் சுற்றில் ஸ்காட்லாந்தின் அபர்டீன். அதன் பயிற்சியாளர், பிற்பாடு மான்செஸ்டர் யுனைடெட்டில் பெரும் புகழ் பெற்ற அலெக்ஸ் பெர்குசன், அப்போது அவர் பெயர் வெளியே அவ்வளவாகத் தெரியாத காலம். அபர்டீன் மைதானத்தில் போய் ச்சா கோல் போட்டார், ஆட்டம் 1-1. அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளும் ஜெர்மன் அணிகள்! பேயர்ன் மியூனிக்கிடம் முதல் ஆட்டத்தில் 2-0 தோற்று, சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் 5-1 என்று திருப்பிக் கொடுத்தது ஃபிராங்ஃபர்ட். ஃபைனலில் போருசியா மோன்சென்கிளாட்பாக். அங்கே போய் 3-2 தோற்றார்கள். ஆனால் வெளி மைதானத்தில் இரண்டு கோல் கையில் இருக்கிறது. அந்தக் காலத்து விதிப்படி மொத்தக் கணக்கு சமமானால் வெளியே அதிகம் போட்டவன் ஜெயித்தான். அதனால் சொந்த மைதானத்தில் 1-0 போதும். அந்த ஒன்றும் 81-வது நிமிடத்தில்தான் வந்தது. சற்று முன்புதான் மாற்று ஆளாக இறங்கிய ஃபிரெட் ஷாப் போட்டார். கோப்பை ஃபிராங்ஃபர்டுக்கு.

அந்த 81-வது நிமிடம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

சரி, இப்போது அந்த ஃபவுலுக்கு வருகிறேன்.

1980 ஆகஸ்ட். புதுப் பருவம் தொடங்கிய கொஞ்ச நாளில் ஃபிராங்ஃபர்டுக்கும் பேயர் லெவர்குசனுக்கும் ஆட்டம். லெவர்குசனின் தடுப்பாட்டக்காரர் யூர்கன் கெல்ஸ்டார்ஃப் பின்னாலிருந்து ச்சாவைச் சாய்த்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்கு மேலே எலும்பில் முறிவு. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முதுகில் அடி என்றால் ஓட்டத்தை நம்பிப் பிழைக்கிற ஆளுக்கு என்ன அர்த்தம் என்று விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். காலில் கட்டுப் போட்டால் கட்டு பிரியும் நாளை எண்ணலாம். முதுகு அப்படி இல்லை. திரும்பிப் படுக்கவே முடியாது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து, மொழி இன்னும் முழுசாகப் பிடிபடாத ஊரில், கூரையைப் பார்த்துப் படுத்திருப்பது எப்படி இருந்திருக்கும்? அப்போது அவருக்கு ஒரு கைக்குழந்தை வேறு. மகன் டு ரி அதே வருஷம் ஜூலையில்தான் ஃபிராங்ஃபர்டில் பிறந்திருந்தான்.

ஃபிராங்ஃபர்ட் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். கெல்ஸ்டார்ஃபுக்கு மிரட்டல்கள் வந்தன. வழக்குப் போடுவது வரை பேச்சு போனது. ச்சா வேண்டாம் என்றார். மன்னித்துவிட்டேன் என்றார். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ள மனிதர், அது வெறும் வாய்ப்பேச்சு கிடையாது என்பதைப் பின்னால் பார்ப்பீர்கள்.

குணமாகி வந்தார். அதே பருவத்தின் முடிவில், 1981 மே மாதம், ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மன் கோப்பை ஃபைனல். கைசர்ஸ்லாட்டனை 3-1 என்று ஃபிராங்ஃபர்ட் ஜெயித்தது. மூன்றில் ஒன்று ச்சா போட்டது. ஆகஸ்டில் முதுகில் அடி, மே மாதம் ஃபைனலில் கோல்.

ஃபிராங்ஃபர்டில் நான்கு பருவம், 122 லீக் ஆட்டம், 46 கோல். 1983-ல் கிளப்புக்குப் பண நெருக்கடி. ச்சா வேறு இடம் தேட வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? லெவர்குசன். கெல்ஸ்டார்ஃப் ஆடிக்கொண்டிருந்த அதே அணி. தன் முதுகை உடைத்தவரோடு ஒரே சட்டையில், ஒரே அறையில். அந்த முதல் நாள் பயிற்சியில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

லெவர்குசனில் ஆறு வருஷம். 1985-86-ல் 17 லீக் கோல், அவருடைய ஆகச் சிறந்த பருவம். அதை முடிக்கும்போது வயது 32. அந்த வருஷம்தான் உலகக் கோப்பையும் வந்தது. 1954-க்கு அப்புறம் 32 வருஷம் கழித்துக் கொரியா தகுதி பெற்றிருந்தது. ச்சா 1978-க்குப் பிறகு தேசிய அணிக்கு ஆடவே இல்லை. 58 கோல் போட்ட ஆள் எட்டு வருஷம் வெளியே! மெக்சிகோவுக்கு அழைத்தார்கள், போனார். அர்ஜென்டினா, பல்கேரியா, இத்தாலி என்று கடினமான பிரிவு. மூன்று ஆட்டமும் ஆடினார், கோல் இல்லை. பிரிவிலேயே வெளியேறினார்கள். அவருக்குக் கிடைத்த உலகக் கோப்பை அந்த மூன்று ஆட்டம் மட்டும்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. 1982-ல், 29 வயதில், ஒரு உலகக் கோப்பை கிடைத்திருக்க வேண்டிய ஆள்.

பயிற்சியாளராக 1998-ல் கொரியாவைப் பிரான்சுக்குக் கூட்டிப்போனார். நெதர்லாந்திடம் 5-0 தோற்றதும் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே வேலையிலிருந்து எடுத்தார்கள். அன்று எதிர்ப்பக்கம் நின்ற பயிற்சியாளர் ஹிடிங்க். நான்கு வருஷம் கழித்து அதே ஹிடிங்க் கொரியாவை அரையிறுதிக்குக் கொண்டுபோனார், அந்த அணியில் டு ரி இருந்தான். அப்பா தொலைக்காட்சி வர்ணனையில் உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளர் வாழ்க்கையைப் பற்றி இதற்கு மேல் நான் பேசப் போவதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயரில் கொடுக்கும் விருதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதைச் சின்ன வயதில் வாங்கிய ஒரு பையன் பெயர் பார்க் ஜி சுங். பிற்பாடு மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய அதே பார்க்.

இப்போது தலைப்பில் உள்ள எண். பன்டஸ்லீகாவில் ச்சா ஆடியது 308 ஆட்டம், போட்டது 98 கோல். நூறுக்கு இரண்டு குறைவு. அந்த 98-ல் ஒன்றுகூட பெனால்டி கிடையாது.

இதை லேசாகக் கடந்து போகாதீர்கள். எந்தப் பெரிய ஸ்ட்ரைக்கரின் கணக்கையும் எடுத்துப் பாருங்கள், அதில் பெனால்டிகள் ஒரு பங்கு இருக்கும். அதில் தப்பும் இல்லை, அழுத்தத்தில் அடிப்பதும் திறமைதான். ஆனால் நூறு என்ற எண் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது, அணித் தோழரிடம் போய் 'இன்றைக்கு நான் அடிக்கிறேன்' என்று இரண்டு தடவை கேட்டிருந்தால் முடிந்துவிடும். ஒவ்வொரு கோலும் ஓட்டத்தில், ஆட்டத்துக்கு நடுவில், எதிராளி முதுகில் ஏறிக்கொண்டிருக்கும்போது வந்தது. அத்தனை அடி வாங்கியும் 308 ஆட்டத்தில் அவர் பார்த்தது ஒரே ஒரு மஞ்சள் அட்டை. ஒரு ஸ்ட்ரைக்கர் எவ்வளவு பெரியவர் என்று கேட்டால் நான் 98-ஐவிட இந்த ஒன்றைத்தான் முதலில் காட்டுவேன்.

கடைசியாக 1988. மறுபடியும் யூஃபா கோப்பை ஃபைனல். லெவர்குசனுக்கு எதிராக பார்சிலோனா நகரத்தின் எஸ்பான்யோல். முதல் ஆட்டம் அங்கே. 3-0 என்று எஸ்பான்யோல் ஜெயித்தது, லொசாடா மட்டும் இரண்டு கோல். லெவர்குசன் அதுவரை பெரிய கோப்பை எதையும் வென்றதில்லை.

மே 18, லெவர்குசன். ச்சாவுக்கு 35 வயது நிறைய நான்கு நாள் பாக்கி. அந்தப் பருவத்தில் லீக்கில் அவர் போட்டது நான்கே கோல். வயதாகிவிட்டது என்று யாரும் சொல்லாமலே தெரியும். கணக்கைப் பாருங்கள்: மூன்று கோல் போட்டால்தான் சமன். எஸ்பான்யோல் அங்கே ஒரு கோல் போட்டுவிட்டால் வெளி மைதான விதிப்படி ஐந்து தேவை. ஆஃப் டைமில் 0-0. அதாவது 45 நிமிடத்தில் மூன்று கோல், அதுவும் ஒன்றுகூட வாங்காமல். எதிர் கோலில் நின்றவர் கேமரூனின் தாமஸ் என்கோனோ, அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கோல் கீப்பர்களில் ஒருவர்.

57-வது நிமிடம், பிரேசிலின் டீட்டா ஒன்று. 63-ல் கோட்ஸ் ஒன்று. 2-0. அப்புறம் நேரம் ஓடுகிறது. 70. 75. 80. அந்தப் பதினெட்டு நிமிடம் மைதானத்தில் இருந்தவர்களுக்கு எப்படிப் போயிருக்கும்! நான் முடிவு தெரிந்துதான் அந்தப் பழைய, மங்கலான வீடியோவைப் பார்த்தேன், அப்படியும் உட்கார முடியவில்லை. பந்து பாக்ஸுக்குள் உயரமாக வருகிறது. சட்டைகளுக்கு நடுவே ஒரு தலை எழுகிறது. ச்சா. தலையால் உள்ளே. 3-0. நிறுத்தி நிறுத்தி எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியவில்லை. 35-ஐத் தொடப்போகிற ஆள் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

நிமிடம் என்ன தெரியுமா? 81. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஃபிராங்ஃபர்டில் ஷாப் போட்ட அதே நிமிடம்.

கூடுதல் நேரத்திலும் கோல் இல்லை, பெனால்டிக்குப் போனது. லெவர்குசனின் முதல் அடியே தவறியது. எஸ்பான்யோல் முதல் இரண்டையும் போட்டது. அங்கிருந்து லெவர்குசன் மூன்றையும் போட, எஸ்பான்யோல் அடுத்த மூன்றையும் விட்டது. கடைசி அடி லொசாடாவுடையது, முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்ட அதே லொசாடா. பந்து கம்பிக்கு மேலே போனது. 3-2. லெவர்குசனுக்காக அடித்த நால்வரில் ச்சா இல்லை. அன்றும் அவர் பெனால்டி பக்கம் போகவில்லை.

அதற்கு அப்புறம் ஒரே ஒரு பருவம் ஆடினார். 1988-89. மூன்று கோல் போட்டு 98-க்கு வந்து நின்றார். அந்தப் பருவத்தில் லெவர்குசனின் பயிற்சியாளர் நெதர்லாந்தின் பெரிய மனிதர் ரைனஸ் மிகெல்ஸ். ஏப்ரலில் கிளப் அவரை அனுப்பிவிட்டு, தன் பழைய ஆள் ஒருவரைப் பயிற்சியாளராக்கியது. ச்சாவின் பன்டஸ்லீகா வாழ்க்கையின் கடைசி வாரங்களில் அணியைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான்.

யூர்கன் கெல்ஸ்டார்ஃப்.